வாஷிங்டன் சொல்லாத சொல்

ஆசிரியருக்கு,

அமெரிக்க வெளியுறவு பற்றிய தங்கள் தலையங்கத்தில், 'சிக்கவைக்கும் கூட்டணிகள் வேண்டாம்' என்று ஜார்ஜ் வாஷிங்டன் தம் பிரியாவிடை உரையில் எச்சரித்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சொற்றொடர் மூன்றாம் அதிபர் ஜெபர்சனுடையது. 1801 மார்ச் 4 அன்று பதவியேற்றபோது சொன்னது. வாஷிங்டனின் 'உரை' மேடையில் பேசப்பட்டதே இல்லை. 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் அச்சானது. நிரந்தரக் கூட்டணிகளைத் தவிர்க்கச் சொன்ன அவர், அவசர காலத்தில் தற்காலிகக் கூட்டணியை நம்பலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். 1778-இல் பிரான்சுடன் செய்த கூட்டணி அப்போதும் நடப்பில் இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அவருடைய தயக்கம் புரியும்.

சரி, தங்களை மட்டும் குறை சொல்வானேன்? கல்லூரியில் நானே பல ஆண்டுகள் கைடைப் பார்த்து இதே தவறைத்தான் நடத்தினேன். ஒருநாள் வாஷிங்டன் எழுதியதை நகலெடுத்து வகுப்பில் கொடுத்தேன். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி, "சார், அந்த வார்த்தையே இதில் இல்லையே" என்றாள். அமெரிக்க வரலாறு நடத்தும் முதுகலைத் துறைகள், வினாத்தாளில் ஒரு கேள்வியையாவது மூல ஆவணப் பகுதியைக் கொடுத்துக் கேட்கலாம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'பவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன.