மேயர் ஆனார்னு போடுறதுக்கு முன்னாடி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவுல நம்மாளு ஒருத்தர் மேயர் ஆனா உங்க பேப்பர்ல கால் பக்கத்துக்கு போட்டோவோட நியூஸ் வருது, சந்தோஷம்தான், ஆனா அதைப் படிச்சுட்டு ஊர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணி "உங்க பக்கம் நம்ம ஆட்சியாமே"ன்னு கேக்கும்போது என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

நான் இருக்கிறது நியூஜெர்சியில ஒரு சின்ன டவுன்ஷிப். இங்க டவுன்ஷிப் கமிட்டின்னு ஒரு பழைய முறை, மூணு பேர் இல்லன்னா அஞ்சு பேர், ஆளுக்கு மூணு வருஷம் பதவி. மேயரை ஜனங்க எடுக்கிறதில்ல, ஜனவரி முதல் வாரம் கமிட்டி கூடி தங்களுக்குள்ளயே ஒருத்தரை ஒரு வருஷத்துக்கு உக்கார வைப்பாங்க. மீட்டிங்குக்கு தலைமை, ரிப்பன் வெட்டுறது எல்லாம் அவருதான், ஆனா ஓட்டுன்னு வந்தா மத்தவங்க மாதிரி அவருக்கும் ஒண்ணுதான். இதே நியூஜெர்சியில எடிசன்னு ஒரு ஊர்ல வேற சட்டம், அங்க ஜனங்களே நேரடியா மேயரை எடுக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?

இதைவிட எனக்கு உறுத்துறது வார்டு இல்லாததுதான். கமிட்டி முறையில ஊர் மொத்தமும் எல்லா சீட்டுக்கும் ஓட்டு போடணும், அதனால ஊர்ல 100க்கு 55 பேர் ஒரு கட்சின்னா அஞ்சு சீட்டும் அவங்களுக்கே போயிடும், மீதி 45 பேருக்கு வாயத் திறக்க அங்க ஆளே இருக்காது. நம்மூர் பேரூராட்சியிலயும் தலைவரை கவுன்சிலருங்கதான் எடுக்கிறாங்க, ஆனா வார்டு கவுன்சிலர்னு ஒருத்தர் இருக்காரு, தண்ணி வரலன்னா குடத்தோட அவர் வாசல்ல போய் நிக்கலாம். இங்க அஞ்சு பேரும் ஒரே தெருக்காரங்களா இருந்தாலும் சட்டம் ஏன்னு கேக்காது.

அப்போ ஒரே கட்சி ஜெயிக்கிற எங்கள மாதிரி ஊர்ல நிஜத் தேர்தல் நவம்பர்ல இல்ல, கட்சி வேட்பாளர் யாருன்னு வாக்காளருங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ற ஜூன் பிரைமரியில. அதுலயும் கவுன்டி லைன்னு ஒரு கூத்து இருந்துச்சு, வாக்குச்சீட்டுல கட்சி ஆசி வாங்கினவங்க பேரை மட்டும் பெரிய பதவியில இருந்து டவுன்ஷிப் வரைக்கும் ஒரே வரிசையில அச்சடிச்சுட்டு மத்தவங்களை ஒரு ஓரமா தள்ளி விட்டுருவாங்க. 2024ல டெமாக்ரட் கட்சி எம்.பி. ஆன்டி கிம் செனட்டுக்கு (அமெரிக்க நாடாளுமன்ற மேல்சபைக்கு) நின்னப்போ கோர்ட்டுக்குப் போனாரு, மார்ச்ல ஃபெடரல் நீதிபதி ஜாகித் குரைஷி அந்த வருஷ டெமாக்ரட் பிரைமரிக்கு அதைத் தடுத்தாரு, 2025ல சட்டமே மாறிடுச்சு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல இதைப் பத்தி ஒரு மெசேஜ் கிடையாது, அங்க ஓடுறது சென்னை கூட்டணிக் கணக்கு. எந்தக் கட்சியிலயும் பதியாத வாக்காளர் பிரைமரி அன்னிக்கே பூத்துல கட்சியைச் சொல்லிட்டு ஓட்டு போடலாம்ங்கிறதும் பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்க ஊருக்கு ஒரு வேர்ஹவுஸ் பிளான் வந்துச்சு. 200 அடிக்குள்ள சொத்து வச்சிருக்கிறவங்களுக்குத்தான் ஹியரிங்குக்கு (அதைப் பத்தின விசாரணைக் கூட்டத்துக்கு) 10 நாள் முன்னாடி நோட்டீஸ் அனுப்பணும்னு சட்டம், அதுக்கு அந்தப் பக்கம் இருந்தா விளம்பரத்தை நாமளாத்தான் தேடிப் பாக்கணும், டிரக் என்னவோ 200 அடியோட நிக்கப் போற மாதிரி. இந்த மாதிரி கட்டுமானத்துக்கு அனுமதி குடுக்கிற பிளானிங் போர்டு ஹியரிங்குல ஜனங்க உக்கார்ற நாற்காலி பாதி காலி. பேரு, அட்ரஸ் சொல்லிட்டு மைக்குல பேசலாம், சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, எச்1பி விசாக்காரரும் பேசலாம், பேசினது என்னவோ வயசான வெள்ளைக்காரங்கதான். போர்டு வக்கீல் ஒரே வரியில முடிச்சாரு, சோனிங்ல, அதாவது எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கிற விதியில, அந்த இடம் ஏற்கனவே வேர்ஹவுஸுக்கு விட்டதுன்னு. அந்த சோனிங்கை மாத்தினது கமிட்டி போட்ட ஆர்டினன்ஸ் (ஊர் அளவுல போடுற சட்டம்), அதை ரெண்டு தடவை வாசிக்கணும், நடுவுல கொறைஞ்சது 10 நாள் விடணும், ரெண்டாவது தடவை யார் வேணாலும் எழுந்து எதிர்ப்பு சொல்லலாம். அன்னிக்கு எழுந்து நிக்க ஒருத்தரும் இல்ல, பொங்கல் விழான்னா மட்டும் ஸ்கூல் ஆடிட்டோரியத்துல நிக்க இடம் கிடைக்காது. இப்போ ராத்திரி டிரக் சத்தம்னு குரூப்ல ஒரே புலம்பல்.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி நியூஸ் போடும்போது, ஜனங்க எடுத்தாங்களா கமிட்டி எடுத்துச்சா, பதவி எத்தனை வருஷம், அவரு இதுவரைக்கும் எந்த ஆர்டினன்ஸுக்கு என்ன ஓட்டு போட்டாருன்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க. போட்டோ சின்னதானாலும் பரவாயில்ல.

இப்படிக்கு,
நியூஜெர்சி வாசகர்