மாஸ்டருக்கு வளைவு வேண்டாம்

மதிப்புக்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், காலையில் ஏரிக்கரை மைதானத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். அப்பா பெயரில் ஊர் எல்லையில் ஒரு நினைவு வளைவு கட்டப் போவதாகவும், ராணுவ உடையில் அவர் படத்தை அதில் வைக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். வசூல் நோட்டுகூடப் போட்டாயிற்றாம். உங்கள் அன்பு புரிகிறது. காரியத்தன்று சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தெல்லாம் வந்து நின்றீர்கள், அதை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம். ஆனாலும் மகள் என்கிற உரிமையில் கேட்கிறேன். வளைவு வேண்டாம். அந்தப் பணத்தை மைதானத்தில் போடுங்கள்.

உங்களில் பலருக்கு அவரை மைதானத்தில் பழக்கிய மாஸ்டராகத்தான் தெரியும். அதற்கு முந்தைய ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் கேட்பது விளங்கும்.

நம்ம பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது பெரிய அதிசயம் இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். அப்பாவும் பதினெட்டு வயதில் போனவர்தான். அப்போது வடாற்காடு ஒரே மாவட்டம். 1989இல் அது இரண்டாகி, 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகி, எல்லாம் ஆன பிறகும் அவர் கடித உறையில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்றே எழுதுவார். தபால்காரர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டியிருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தார். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. துண்டு துண்டாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இரும்புப் பாலமான பெய்லி பாலத்தை எப்படிப் பூட்டுவார்கள் என்று தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டுவார். இதையெல்லாம் கேட்காமலேயே சொல்வார். கேட்டாலும் சொல்லாத கதை ஒன்று உண்டு. 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனது.

யாழ்ப்பாணத்தில் அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே பெரிய சுமையாகிவிட்டது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீடுகளுக்குள் நுழையும்போது கேள்வி கேட்க அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். எதிரே நின்ற கிழவிகள் இவரை ‘தம்பி’ என்று கூப்பிட்டுத் திட்டினார்களாம். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். அங்கே செத்த தமிழ்ச் சனங்களின் கணக்கு வேறு. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்குச் சில மாதம் முன்பே அப்பா வந்துவிட்டார். வரவேற்காதது சரியா தப்பா என்று டீக்கடையில் சண்டை நடக்கும்போதெல்லாம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்த நாட்களுக்காக அவருக்குக் கிடைத்த பதக்கம் கடைசிவரை டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. குடியரசு தினத்துக்குக்கூடக் குத்திக்கொண்டது கிடையாது. அப்படிப்பட்ட ஆளை உடுப்போடு ரோட்டுக்கு மேலே ஏற்றி வைத்தால் எனக்கு மனசு ஒப்பாது. அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வந்த மறுவாரமே கடப்பாரையோடு ஏரிக்கரைப் புறம்போக்கில் இறங்கினார். சீமைக்கருவேல முள்ளை வேரோடு பிடுங்கவே ஒரு கோடைக்காலம் பிடித்தது. பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர் என்று அளந்து சுண்ணாம்பு போட்டு, இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, கைப்பந்து வலை கட்டினார். முதலில் வந்தவர்கள் ராணுவத் தேர்வுக்குப் போகிற பையன்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால் முழு மதிப்பெண், கம்பியில் தொங்கிப் பத்து தடவை உடம்பைத் தூக்கினால் முழு மதிப்பெண், ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும். இதற்குத்தான் பழக்கினார். ஊரில் பலர் இன்று அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள், நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

2022இல் ராணுவத்துக்கு ஆள் எடுக்க அக்னிபாத் திட்டம் வந்தபோது பையன்கள் குழம்பிப் போய் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கும். நான்கு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். “போறதுன்னா போங்கடா, ஆனா ஐடிஐயோ டிகிரியோ முடிச்சிட்டுப் போங்க” என்றார். அப்புறம் காலைப் பயிற்சிக்கு வருகிறவன் பள்ளிக்கூடத்துக்கும் போகிறானா என்று விசாரிக்க ஆரம்பித்தார். பிடிக்காத சிலர் நின்றுகொண்டார்கள். அவர் கவலைப்படவில்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் பளு தூக்கித் தங்கம் வாங்கியதையும், அவருடைய அப்பாவும் தன்னைப் போல் ராணுவத்தில் இருந்தவர் என்பதையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், ஏதோ தானே பழக்கிவிட்டது போல.

மலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்பா பாதிதான். சித்திரை வெயிலில் வேலூர் வேகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமிர்திக்குப் போவார். அங்கிருந்து ஜவ்வாது மலைக்குள். மேலே மலையாளி என்கிற பழங்குடிச் சனங்களின் ஊர்களில் அவருக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள். சாமைக் கஞ்சி கிடைக்கும், சீசனில் சீத்தாப்பழம் கிடைக்கும். கிளம்பும் முன் ஒவ்வொருவர் செருப்பையும் புரட்டிப் பார்ப்பார். நாவல், கடுக்காய், சந்தனம் எது என்று இலையைக் கசக்கி மோந்து சொல்லத் தெரியாதவன் அடுத்த முறை எல்லாருடைய தண்ணீரையும் சுமக்க வேண்டும். சனிக்கிழமைகளில் காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை விடுவார்கள் என்று தெரிந்ததும் ஒரு வேன் பிள்ளைகளை அங்கே இறக்கினார். அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அண்ணாந்து பார்த்தபடி, “நான் இருந்த இடத்துல ராத்திரி வானத்தைப் பார்த்தா வெளிச்சக் குண்டுதான் தெரியும்” என்றார். இலங்கையைப் பற்றி அவர் என் காதுபடச் சொன்னது அது ஒன்றுதான்.

சரி, மைதானத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் ஒரு மூங்கில் கழி இருந்தது, அதில் இரண்டு வெட்டு. 2.43 மீட்டர் ஆண்கள் வலைக்கு, 2.24 மீட்டர் பெண்கள் வலைக்கு. பெண்பிள்ளைகள் வந்தால் பையன்கள் முணுமுணுத்தாலும் வலையை இறக்கிக் கட்டுவார். ஆனாலும் எட்டாவது, ஒன்பதாவது போனதும் பெண்பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். வீட்டில் விடாதது மட்டும் காரணம் இல்லை. உடை மாற்ற மறைவு இல்லை, கழிவறை இல்லை, மாதத்தில் ஐந்து நாள் என்ன செய்வது? நானும் அப்படி நின்றவள்தான். அப்பா மனு கொடுத்தார், பல தடவை கொடுத்தார். இடம் கணக்கில் மைதானம் என்று இல்லை, அதனால் கட்டடத்துக்கு நிதி இல்லை என்று பதில் வரும்.

அதனால் தலைவர் அவர்களே, வருகிற நவம்பர் 1 கிராம சபையில் முதல் தீர்மானமாக அந்த இடத்தை விளையாட்டு மைதானம் என்று வருவாய்க் கணக்கில் பதியச் சொல்லி வட்டாட்சியருக்கு அனுப்புங்கள். பதியாமல் விட்டால் நாளைக்கு அங்கே வேறு எதுவும் முளைக்கும், தடுக்கக் காகிதம் இருக்காது. வசூலான பணத்தில் தண்ணீர் வசதியோடு இரண்டு கழிவறையும் ஓர் உடை மாற்றும் அறையும் கட்ட வழி செய்யுங்கள். சுவரில் அப்பா பெயர் எழுதித்தான் தீர வேண்டும் என்றால் சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள், படம் வேண்டாம்.

தம்பிகளா, நன்கொடை கொடுத்தவர்களிடம் வீடு வீடாகப் போய் விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். ஒப்பாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அந்தக் குறையை நானும் என் அண்ணனும் போட்டுவிடுகிறோம். மோட்டார் செலவும் எங்களுடையது. கரண்ட் இணைப்புக்கு விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாஸ்டரின் மகள்