ஆர்ட்டீமியா பொரிக்கும் செல்வத்துக்கு

சென்னை

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி படித்து மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் வலி கூடுகிறது.

ஃபைட்டர் மீன் குஞ்சுகள் பத்து நாள் தாண்டுவதில்லை என்று எழுதியிருந்தாய். அவற்றுக்குத் தீனியாக ஆர்ட்டீமியாவை, அதாவது உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் வகையை, நீ முட்டையிலிருந்து பொரிக்கிற விதம் சரிதான். லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, 28 டிகிரி, விடாமல் காற்று, மேலே விளக்கு, ஒரு நாள் பொழுது. எல்லாம் சரி. ஆனால் ஒருமுறை பொரித்ததை இரண்டு நாள் வைத்துக் கொடுக்கிறாயே, அதை விட்டுவிடு.

முட்டையை விட்டு வந்தவுடன் ஆர்ட்டீமியா குஞ்சு எதையும் தின்னாது. உடம்பிலிருக்கும் மஞ்சள் கருவை வைத்துத்தான் பிழைக்கும். ஆரஞ்சாகத் தெரிவது அந்தக் கருதான். உன் மீன் குஞ்சுக்கு வேண்டியதும் அதுதான். சுமார் எட்டு மணி நேரத்தில் தோலுரிக்கும். அப்புறம் கரு கரையக் கரைய உடம்பு வெளிறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், சத்தும் போய்விடும். நீச்சல் வேகமும் கூடுவதால் மீன் குஞ்சு அதைத் துரத்தியே களைத்துப்போகும். அதனால் இரண்டு பாட்டில் வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்துக்கொள்.

முட்டை ஓட்டையும் பிரித்தெடு. காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால் பழுப்பு ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும், குஞ்சுகள் வெளிச்சம் பக்கம் திரளும். அங்கிருந்து மெல்லிய டியூபில் இழுத்து, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடு. ஓட்டை விழுங்கினால் சின்னக் குஞ்சுக்குக் குடல் அடைக்கும். போட்டதும் பூதக்கண்ணாடி வைத்துப் பார். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாக உப்பியிருக்கும். வயிறு அப்படி இல்லாத குஞ்சுகளைத் தனியாகப் பிடித்துப் போட்டு இன்னொரு வேளை கொடு. நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிரோடிருக்கும், ஆகவே மிச்சம் விழாத அளவுக்குப் போடு.

இன்னொன்று, நீ தூத்துக்குடியில் இருப்பதால் சொல்கிறேன். உங்கள் ஊர் உப்பளங்களுக்கென்று சொந்த ஆர்ட்டீமியா உண்டு. ஆண் இல்லாமலே பெண் மட்டும் இனம் பெருக்குகிற வகை. நாம் டின்னில் வாங்குவது பெரும்பாலும் அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரி முட்டை, அது வேறு இனம். ஏற்கெனவே வெளியூர் இனம் இந்திய உப்பளங்களில் புகுந்து நம்முடையதை நெருக்குகிறது. பாட்டில் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் கொட்டவே கொட்டாதே. கொதிக்க வைத்துத் தரையில் ஊற்று.

அடுத்த மாதம் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போவேன். முட்டை வேண்டுமானால் எழுது. திறந்த டின்னை மட்டும் இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வை, ஈரம் பட்டால் பொரிக்காது.

அன்புடன்,
ராமு