முடிச்சின் மேல் கை வைக்காதே

மன்னார்குடி,
புரட்டாசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. குறுவை அறுத்து முடித்துவிட்டாய், சந்தோஷம். எங்கள் பக்கம் இன்னும் பாதி வயல் நிற்கிறது. மழை முந்திக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.

பெரியவனைப் பற்றி நீ எழுதியதைத்தான் இரண்டு தடவை படித்தேன். காலில் தளை மாட்டித் தென்னை ஏறியவன், இப்போது ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டை) கேரபினரும் (கயிற்றை மாட்டும், வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி) வாங்கி, வீட்டு மேல் சாய்ந்த புளி, தூங்குமூஞ்சிக் கிளைகளைக் கழிக்கப் போகிறான். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு நானும் இதே வேலைக்கு வந்தவன்தானே. அதனால் உன்னிடமும் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருஷம் வடுவூர்ப் பக்கம் ஒரு புளியமரம். கிளை மாறுவதற்காக இடுப்புக் கயிற்றைக் கழற்றிய நேரம் பார்த்துக் கால் வழுக்கியது. ஏறுகயிற்றைச் சுற்றி மெல்லிய கயிற்றால் போட்டிருந்த புருசிக் முடிச்சு, நம் பாரம் விழுந்ததும் இறுகுவது, அந்த நொடியே கவ்வியிருக்க வேண்டும். நான் பயத்தில் அந்த முடிச்சையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முடிச்சின் தலையைக் கை அழுத்தினால் அது இளகி ஓடும். இறங்கும்போது நாம் வேண்டுமென்றே செய்வதும் அதுதான். பத்தடி கீழே சறுக்கினேன். உள்ளங்கை வெந்து கை தானாக விட்ட பிறகுதான் முடிச்சு பிடித்தது.

விழுகிறவன் கை எதையாவது பற்றத்தான் போகும். அதை அறிவால் தடுக்க முடியாது, பழக்கத்தால்தான் முடியும். ஆளுயரத்தில் தொங்கவிட்டு, முடிச்சை விட்டுக் கையை எடுக்க அவனைத் திரும்பத் திரும்பப் பழகச் சொல். கயிறும் எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். தொய்வு விட்டால் அத்தனையும் விழுகிற தூரம்தான்.

அன்றைக்குக் கீழே வந்து பார்த்தால், முடிச்சுக் கயிறு உரசின இடம் உருகிப் பளபளவென்று இருந்தது. அப்படி ஆன கயிறு அப்புறம் சரியாகக் கவ்வாது. அங்கேயே வெட்டிப் போட்டேன். ஏறுகயிறு 12 மில்லிமீட்டர் என்றால் முடிச்சுக் கயிறு 8 அல்லது 10 இருக்கட்டும். இரண்டும் ஒரே பருமன் என்றால் பிடி நிற்காது. ஆஸ்திரியாக்காரர் கார்ல் புருசிக் 1931-இல் மலையேறிகளுக்குச் சொன்ன முடிச்சு இது. நம் ஆளுக்கு மூன்று சுற்றுப் போடுவது நல்லது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிய வேண்டும்.

கேரபினரின் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். என்னுடையதில் நீளவாக்கில் 24 கிலோநியூட்டன், குறுக்கே 8. நீளவாக்கில் கிட்டத்தட்ட இரண்டரை டன் தாங்குவது, திரும்பிக் குறுக்காக நின்றுவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வாய் திறந்திருந்தாலும் ஏறக்குறைய அதே கதி. திருகி மூடுகிற வகையைக் கிளையும் கயிறும் உரசியே திறந்துவிடும், தானாகப் பூட்டிக்கொள்வதை வாங்கச் சொல். ஒவ்வொரு தடவையும் மாட்டியதும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

கயிறு போடும் கிளை முருங்கையோ ஒதியனோ வேண்டவே வேண்டாம், பட்டென்று முறியும்.

அடைமழைக்கு முன்னால் எல்லாரும் கிளை கழிக்கக் கூப்பிடுவார்கள், அவசரப்படுத்துவார்கள். அதற்கு முன் பெரியவனை ஒரு வாரம் என்னோடு அனுப்பு. எங்கள் கொல்லை வேம்பில் தாழ்வாகக் கட்டிப் பழக்கிவிடுகிறேன். சாப்பாடு இங்கேயே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை