ஸ்டெயின்லெஸ்ஸை ஜிஐ பைப்போடு சேர்த்து வெல்டிங் அடிப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பஹாவ் பக்கம் இப்போது எந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போனாலும் ஸ்டெயின்லெஸ் கேட், ஸ்டெயின்லெஸ் கைப்பிடிதான். செலவைக் குறைக்கத் தூணுக்கு மட்டும் ஜிஐ பைப் (பூச்சுப் போட்ட இரும்புக் குழாய்) போட்டு, இரண்டையும் அப்படியே சேர்த்து வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஆபத்து.

ஜிஐ பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது சுமார் 420 டிகிரியில் உருகிவிடும், ஸ்டெயின்லெஸ் உருக ஏறக்குறைய 1400 டிகிரி வேண்டும். அதனால் வெல்டிங் அடிக்கும்போது துத்தநாகம் தண்ணீராகி, பக்கத்தில் சிவந்து நிற்கும் ஸ்டெயின்லெஸ் மேல் படர்கிறது. எந்த உலோகமும் உள்ளே பொடிப் பொடி மணிகள் நெருங்கிச் சேர்ந்ததுதான். உருகிய துத்தநாகம் அந்த மணிகளை விட்டுவிட்டு அவற்றின் இடுக்கில் புகுந்துகொள்ளும், செங்கல்லைத் தொடாமல் சாந்தை மட்டும் அரித்த சுவர் மாதிரி. வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும் இல்லையா, அந்த இழுப்பு போதும், பிளந்துவிடும். துரு மாதிரி வருஷக்கணக்கில் இல்லை, வேலை முடியும் முன்பே விரிசல் விழுந்திருக்கும், தடிமனும் குறைந்திருக்காது.

இங்கே ஒரு தோட்டத்துக் கோயிலில் படிக்கட்டுக் கைப்பிடி ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. நல்லவேளை யாருக்கும் அடியில்லை. மீதி இணைப்புகளில் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், வெல்டுக்குப் பக்கத்திலேயே மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது, விரிசலுக்குள் புகுந்த சாயம்தான் அது.

பெரிய ஆலைகளையும் இது விட்டதில்லை. 1974-ல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். அதன் மூல காரணம் தற்காலிகமாகப் போட்ட ஒரு குழாய் என்று விசாரணை சொன்னது, ஆனால் தீயில் உருகிய துத்தநாகம் இன்னொரு ஸ்டெயின்லெஸ் குழாயைப் பிளந்திருந்ததையும் கண்டார்கள். 2004 ஜனவரி 1-ல் ஆஸ்திரேலியாவின் மூம்பா எரிவாயு ஆலையில் நடந்த வெடிப்புக்குக் காரணம் பாதரசம். அது சாதாரண வெப்பத்திலேயே திரவம், அலுமினியத்துக்குள் புகுந்து இதே வேலையைக் காட்டியது.

நம் பட்டறைகளில் துத்தநாகப் புகை பட்டால் ராத்திரி காய்ச்சல் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், பாலைக் குடித்துவிட்டு அடிக்கிறவர்களும் உண்டு (பால் அதைத் தடுக்காது, அது வேறு விஷயம்). இந்த விரிசலைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எஸ்.கே.எம். (மலேசியத் தொழில்திறன் சான்றிதழ்) படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் மாதமே இதைக் காட்ட வேண்டும் என்று தொழிற்பயிற்சி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. வெல்டு விழும் இடத்தைச் சுற்றி, பைப்பின் உள்பக்கமும் சேர்த்து, வெறும் இரும்பு தெரியும்வரை பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், அப்புறம் அடியுங்கள். அந்த நேரம் இல்லையென்றால் போல்ட் போட்டு மாட்டுங்கள். துத்தநாகச் சாயத்தை வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகு, இரும்புப் பக்கம் மட்டும் பூசுங்கள். மாடிப்படி, பால்கனி வேலை கொடுக்கும் வீட்டுக்காரர்களும் கோயில் நிர்வாகமும் கூலி பேசும்போதே, பூச்சை எடுத்துவிட்டுத்தான் அடிப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
பஹாவ், நெகிரி செம்பிலான்