முடிந்துபோன ஆய்வுத் திட்டங்களின் அளவீடுகள் கைவிடப்படாமல் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற களப்பணியாளர்,
(நில ஆய்வு, வன ஆய்வுத் திட்டங்கள்)

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
அறிவியல் ஆராய்ச்சித் துறை.

பொருள்: நிலவியல், காட்டுச் சூழல், வனவிலங்கு, இயற்கைப் பேரிடர் ஆய்வுகளுக்காகத் தொடங்கிய களக் கண்காணிப்பைத் திட்டக் காலம் முடிந்த பின்னும் தொடரவும், பழைய பதிவேடுகளைப் பாதுகாத்துப் பொதுவில் வைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகளுக்குப் பின்னால் கருவிப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தவன். 27 ஆண்டுகள் மழைமானி பார்த்தேன், கிணற்று நீர்மட்டம் அளந்தேன், காட்டுப் பாதையில் கேமரா கட்டினேன், மண் மாதிரியைப் பையில் போட்டு எண் எழுதினேன். ஆய்வுக் கட்டுரைகளில் எங்கள் பெயர் வராது. அதில் எனக்குக் குறையும் இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த எண்கள் எங்கே போயின என்பதுதான் குறை. அதைச் சொல்லத்தான் இந்த மனு.

நான் வேலை பார்த்த மலைச்சரிவு ஒன்றில் நிலம் பிளந்திருந்தது. முதலில் பார்த்தபோது ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். பிளவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரும்பு முளை அடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை வாரம் ஒருமுறை டேப் பிடித்து அளப்பது என் வேலை. முதல் நாள் 112 சென்டிமீட்டர். கோடை முழுக்க அதே 112. மழை தொடங்கிய மூன்றாவது வாரம் 112.4, அதற்கடுத்த வாரம் 113. ஆய்வுக் குழு கம்பி கட்டி நகர்வை அளக்கும் கருவி ஒன்றும், மண்ணுக்குள் நீர் அழுத்தம் பார்க்கும் பீசோமீட்டர் இரண்டும் வைத்தது. மூன்று ஆண்டு நன்றாக ஓடியது. நான்காம் ஆண்டு மழைக்குச் சற்று முன்னால் ஒரு வண்டி வந்தது. கருவிகளைக் கழற்றி ஏற்றினார்கள். "திட்டம் முடிஞ்சுபோச்சு" என்றார்கள்.

சரி, திட்டம் முடிந்தது. பிளவு முடியவில்லையே, ஐயா. பிடுங்கச் சோம்பல்பட்டு அந்த முளை இரண்டையும் விட்டுப் போயிருந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் என்னால் அளக்க முடிகிறது. போன வாரம் 131 சென்டிமீட்டர்.

திட்டம் என்றால் மூன்று ஆண்டு, மிஞ்சினால் ஐந்து ஆண்டு. பூமி அந்தக் கணக்கில் நடப்பதில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நடந்தது ஒன்றை எங்கள் குழுத் தலைவர் அடிக்கடி சொல்வார். அங்கே வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் செத்த சிடார் மரங்கள் உப்புநீரில் மொட்டையாக நின்றுகொண்டிருந்தன. உப்புநீரில் சிடார் முளைக்காது. அப்படியானால் அந்த நிலம் ஒருகாலத்தில் உயரமாக இருந்து, பிறகு திடீரென்று கீழே இறங்கியிருக்க வேண்டும். தோண்டிப் பார்த்தால் பழைய புல்வெளி மண், அதன்மேல் கடல் கொண்டுவந்து கொட்டிய மணல். பிரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர் 1987இல் இதை எழுதினார். பெரிய நிலநடுக்கம் என்பது தெரிந்துவிட்டது, எப்போது என்பது தெரியவில்லை. அதைச் சொன்னது ஜப்பானில் இருந்த கணக்குப் பதிவேடுகள். 1700 ஜனவரியில், நிலம் ஆடாமலேயே ஒரு கடல் அலை வந்து வீடுகளையும் வயல்களையும் கெடுத்தது என்று அங்கிருந்த எழுத்தர்களும் வணிகர்களும் குறித்து வைத்திருந்தார்கள். அலை கடலைக் கடக்க எடுத்த நேரத்தைக் கழித்தால், நிலநடுக்கம் வந்தது 1700 ஜனவரி 26 இரவு ஒன்பது மணி வாக்கில். அளவு ஏறக்குறைய 9. அப்புறம் அந்தச் சிடார் மரங்களின் வேரை அறுத்து வளையம் எண்ணினார்கள். 1699இன் வளர்ச்சிப் பருவம் முடிந்தபின், 1700இன் பருவம் தொடங்குமுன் மரங்கள் செத்திருக்கின்றன. கணக்கு பொருந்திவிட்டது.

இதில் மண்ணைப் படிப்பவர் உண்டு, மரத்தைப் படிப்பவர் உண்டு, கடலைப் படிப்பவர் உண்டு. எல்லாருக்கும் மேலாக, எதற்குப் பயன்படும் என்றே தெரியாமல் முந்நூறு ஆண்டுக்கு முன் அன்றைய நிலவரத்தை எழுதி வைத்த ஒரு குமாஸ்தா உண்டு. அவர் எங்கள் சாதி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட ஆதாரம் கையில் இருந்தும் உரிய நேரத்தில் பயன்படாமல் போனதும் உண்டு. ஜப்பானின் செண்டாய் சமவெளியில் 869ஆம் ஆண்டுச் சுனாமி விட்டுச்சென்ற மணல் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடப்பதை நிலவியலாளர்கள் 2011க்கு முன்பே கண்டு எழுதியிருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று அலை அதே சமவெளிக்குள் வந்தது. தாய்லாந்தில் ஆதாரமே பிறகுதான் கிடைத்தது: பிரா தோங் தீவில் 2004 சுனாமி மணலுக்குக் கீழே பழைய மணல் அடுக்குகள் இருப்பதும், அவற்றில் கடைசியானது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தையது என்பதும் 2008இல்தான் வெளியானது. நான்கு ஆண்டு தாமதம் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. பழைய சுனாமியைத் தேடி 2004க்கு முன் யாரும் அங்கே குழி தோண்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பதிவேடு என்றேன். அதில் ஒரு நுணுக்கம் உண்டு, தங்கள் கவனத்துக்கு. மழைமானியில் ஒருநாள் மழை இல்லை என்றால் 0 என்று எழுதுவோம். அளக்கவே இல்லை என்றால் கோடு போடுவோம். புனலில் தவளை உட்கார்ந்து அடைத்துக்கொண்டது, குளவி கூடு கட்டிவிட்டது, பாலம் உடைந்து போக முடியவில்லை என்று எப்போதாவது கோடு விழும். கோடு விழும் நாட்கள் பெரும்பாலும் பெருமழை நாட்கள்தான். ஓர் அலுவலகத்தில் எங்கள் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று எல்லாக் கோட்டையும் 0 ஆக்கிவிட்டார்கள். அதாவது ஊரே வெள்ளத்தில் மிதந்த நாளில் மழையே இல்லை என்று கணக்கு. தட்டச்சு செய்தவரைக் குற்றம் சொல்லவில்லை. எழுதியவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.

இந்த எண்களின் மதிப்பு சின்னதல்ல. எத்தனை மணி நேரம், எவ்வளவு வேகத்தில் மழை பெய்தால் சரிவு இறங்கும் என்ற வரம்புக்கோட்டை 1980இல் நெல் கெயின் என்பவர் போட்டுக் காட்டினார். பல நாடுகளில் நடந்த 73 சரிவுகளின் மழைக் கணக்கை வைத்துத்தான் போட்டார். இன்றைக்கும் நிலச்சரிவு முன்னெச்சரிக்கை அந்த வழியில்தான் போகிறது. ஆனால் ஒவ்வொரு மலைக்கும் வரம்பு வேறு. பாறை எவ்வளவு ஆழத்துக்கு மக்கியிருக்கிறது, மேலே என்ன மரம், முந்தைய பத்து நாளில் என்ன பெய்தது என்பதைப் பொறுத்தது. நம் மலைக்கு உரிய கோட்டை நம் பதிவேட்டை வைத்துத்தான் போட முடியும். கோடுகளை 0 ஆக்கிய பதிவேட்டை வைத்துப் போட்டால் அந்த வரம்பு ஆளைக் கொல்லும்.

மரம் என்றதும் இன்னொன்று. காட்டு ஆய்வுக்கு ஒரு குழு, பாறை ஆய்வுக்கு வேறொரு குழு, விலங்குக் கணக்கெடுப்புக்கு மூன்றாவது குழு என்று வருகிறார்கள். ஒருவர் வைத்த கருவி மற்றவருக்குத் தெரியாது. மரத்தை வெட்டினால் மறுநாளே சரிவு இறங்காது. பழைய வேர் மண்ணைச் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அது மக்கிப்போய், புதுக் கன்றின் வேர் இன்னும் பலம் பிடிக்காத அந்த இடைக்காலம்தான் ஆபத்து. வெட்டி ஏறக்குறைய 3 முதல் 15 ஆண்டுக்குள் வரும் காலம் அது. மரம் வெட்டிய ஆண்டு காட்டுக் குழுவின் ஃபைலில் இருக்கும், சரிவு இறங்கிய ஆண்டு பாறைக் குழுவின் ஃபைலில் இருக்கும். இரண்டு ஃபைலும் சந்திப்பதே இல்லை. இரண்டு குழுவுக்கும் டீ வாங்கிக் கொடுத்த எனக்குத்தான் இரண்டும் தெரியும்.

விலங்குக் கணக்கும் அப்படித்தான். கேமரா ட்ராப்பைக் கழற்றிப் பார்த்தால் மூவாயிரம் படத்தில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் காற்றில் ஆடும் புல். சலிப்பான வேலைதான். ஆனால் இந்தியாவில் பாறுக் கழுகுகள் செத்து விழுவதை நிரூபிக்க முடிந்தது எதனால்? பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களிலேயே எண்ணி வைத்திருந்தார்கள். 1990களில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் மறுபடி எண்ணியபோது ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய எண் இருந்தது. காரணம் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து என்று 2004இல் வெளியானது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கழுகு ஏராளமாகப் பறந்த காலத்தில் அதை எண்ணியவரைப் பார்த்து, இதை எதுக்கு எண்ணுறீங்க என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஆய்வு முடிவு உரியவர் கைக்குப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலைக்கு 1985 அக்டோபரில் அபாய வரைபடம் தயாராகிவிட்டது. சேற்று வெள்ளம் வந்தால் ஆர்மேரோ நகரம் அழியும் என்பது அதில் இருந்தது. 1845இல் அப்படியொரு வெள்ளம் கொண்டுவந்து போட்ட சேற்றின் மேல்தான் அந்த நகரமே இருந்தது. நவம்பர் 13 இரவு மலை வெடித்தது. சேறு நகரத்துக்கு வந்துசேர இரண்டரை மணி நேரம் போலப் பிடித்தது. மேட்டுக்கு ஏறப் போதுமான நேரம். 23,000 பேர் செத்தார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ புகையத் தொடங்கியதும், அந்த நாட்டு நிலநடுக்க, எரிமலை நிறுவனமும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கருவி வைத்தன. மலையைச் சுற்றியிருந்த பழைய படிவுகளைப் பார்த்து எதுவரை வரும் என்று வரைந்தன. அதை ஐந்து படி எச்சரிக்கையாகச் சுருக்கி அதிகாரிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். எரிமலைச் சேறு எப்படி வரும் என்று காணொளி போட்டுக் காட்டினார்கள். 1991 ஜூன் 15 பெருவெடிப்புக்குள் மக்களை அப்புறப்படுத்தியாகிவிட்டது. மழையில் நனைந்த சாம்பல் பாரத்தில் கூரை இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் என்றாலும், குறைந்தது 5,000 உயிர் தப்பியதாக அந்த நிறுவனங்களே கணித்தன. இரண்டு ஊரிலும் வரைபடம் இருந்தது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

நிதி இல்லை என்ற பதில் வரும் என்று தெரியும். ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958இல் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடுகூட 1964இல் நிதிவெட்டால் சில மாதம் நின்றது. அந்த வரைபடத்தில் அந்த மாதங்கள் இன்றும் ஓட்டையாகவே இருக்கின்றன. பணம் பிறகு வரலாம், போன மாதத்துக் காற்றை யாரும் திரும்பப் பிடித்து அளக்க முடியாது. இப்போதுதான் சாட்டிலைட் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். இருக்கிறது, நல்லதுதான். ரேடார் சாட்டிலைட் வெட்டவெளி நிலத்தில் மில்லிமீட்டர் அளவு நகர்வைக்கூடக் காட்டும். அடர்ந்த காட்டுக்கு அடியில் அது தடுமாறும். என் பிளவு இருப்பது அடர்ந்த காட்டுக்கு அடியில்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது: எந்தத் திட்டமும் முடியும்போது, அதன் கருவிகளில் எவை தொடர வேண்டும் என்று முடிவு செய்யாமல் கழற்றக் கூடாது என ஒரு உத்தரவு. எல்லாக் கருவியையும் கேட்கவில்லை. விலை உயர்ந்ததைக் கொண்டுபோகட்டும், இரண்டு முளையையும் ஒரு மழைமானியையும் விட்டுவிட்டு, அவற்றைப் பார்க்க ஊரிலேயே ஒருவரை நியமித்தால் போதும். அவர் எழுதுவது எந்த மேசைக்குப் போகும், எந்த எண்ணைத் தாண்டினால் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும். பழைய பதிவேடுகளை அப்படியே படமெடுத்து, தட்டச்சு செய்த கணக்கோடு சேர்த்துப் பொதுவில் வைக்க வேண்டும். கோடு எது, 0 எது என்பதைப் பார்ப்பவர் தாமே பார்த்துக்கொள்வார். அப்புறம், ஒரே மலைக்கு வருகிற குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார்ந்து அவரவர் கையில் இருப்பதைக் காட்டிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த மேசைக்கு எங்களைப் போன்ற களப்பணியாளர் ஒருவரையும் கூப்பிட்டால் நேரம் மிச்சம்.

என்னிடம் 14 பதிவேடுகள் இருக்கின்றன. திட்டம் முடிந்தபோது கழிவுத்தாளோடு போடவிருந்தவற்றை நான் கேட்டு வாங்கி வைத்தவை. நான்கில் மை ஊறியிருக்கிறது, ஆனால் படிக்க முடியும். படிக்க முடியாத இடங்களை எனக்குக் காட்டினால் நினைவிலிருந்து சொல்ல முயல்வேன். எந்த அலுவலகத்தில் ஒப்படைப்பது என்று தெரிவித்தால் நேரில் கொண்டுவந்து தருகிறேன், அதற்கு ஒரு ரசீது மட்டும் வேண்டும். பிளவைப் பார்க்கத் தங்கள் துறையிலிருந்து யாரேனும் வருவதாக இருந்தால் மழைக்கு முன் வரச் சொல்லவும். பாதை எனக்குத் தெரியும், டேப்பும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற களப்பணியாளர்

இணைப்பு: முளை இடைவெளி அளவீட்டின் நகல், மழைப் பதிவேட்டின் ஒரு பக்கமும், கோடுகள் 0 ஆக்கப்பட்ட அதே பக்கத்தின் கம்ப்யூட்டர் பிரதியும்.