தின்யானெல்லோ புட்டியில் ஏன் "கியான்டி கிளாசிக்கோ" என்று இல்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடையில் தின்யானெல்லோ புட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்களில் பலர் ஒரே ஐயத்தை எழுப்புகிறீர்கள். அதே அடுக்கில் நிற்கும் கியான்டி கிளாசிக்கோ (டஸ்கனி, இத்தாலிய மொழியில் டோஸ்கானா, மாநிலத்தில் அதே பெயருள்ள வட்டாரத்தின் சிவப்பு வைன்) புட்டிகளில் இத்தாலியின் மிக உயர்ந்த தரப்பிரிவான டி.ஓ.சி.ஜி. முத்திரை இருக்கும்போது, அவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள இந்தச் சிவப்பு வைனில் மட்டும் அதற்குக் கீழ்ப்பட்ட "டோஸ்கானா ஐ.ஜி.டி." என்ற வகைப்பெயர் ஏன் இருக்கிறது என்பதே அந்த ஐயம். பணம் கொடுத்து வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. கடை மேசையில் இரண்டு வரியில் சொல்லி முடியாததால் எழுதி அனுப்புகிறோம்.

இதைத் தயாரிப்பவர்கள் ஃபிளாரன்ஸ் நகரத்து அந்தினோரி குடும்பத்தார். 1385ஆம் ஆண்டில் ஜொவான்னி தி பியேரோ அந்தினோரி அந்நகரின் வைன் வினைஞர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். அன்று தொடங்கி 26 தலைமுறைகளாகத் தொழில் அக்குடும்பத்தை விட்டு அகலவில்லை. தின்யானெல்லோ என்பது அவர்களுடைய ஒரு தோட்டத்தின் பெயர். ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே, கிரேவே, பேசா என்னும் இரு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு இடையில், கடல் மட்டத்திலிருந்து 350 முதல் 400 மீட்டர் உயரத்தில், தென்மேற்கு நோக்கிச் சரியும் 57 ஹெக்டேர் சுண்ணாம்புக்கல் நிலம் அது. அந்த நிலம் கியான்டி கிளாசிக்கோ எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆகவே பெயர் மாறியதற்குக் காரணம் இடம் அன்று, சட்டம்.

1967இல் வந்த கியான்டி விதிகளின்படி, சான்ஜோவேசே என்னும் கருந்திராட்சையோடு 10 முதல் 30 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சையைக் கட்டாயம் சேர்க்க வேண்டியிருந்தது. கியான்டி வட்டாரத்து வைன் தயாரிப்பாளரான பரோன் ரிக்காசோலி 1872இல் வகுத்த கலவையில், நெடுநாள் முதிரவைக்காமல் குடிக்கப்படும் வைனுக்கு மட்டுமே மல்வாசியா என்ற வெள்ளை வகை பொருந்தும் என்று கருதப்பட்டது. பின்னாளைய சட்டமோ அதை எல்லாருக்கும் பொதுவாக்கி, விளைச்சல் மிகுந்த திரெபியானோ என்ற வெள்ளை வகைக்கும் இடம் கொடுத்தது. விளைவாக வைன் நிறம் வெளுத்தது, பல ஆண்டுகள் தாங்கும் வலுவையும் இழந்தது. அந்தினோரி குடும்பத்தின் பியேரோ அந்தினோரியும் அவருடைய வைன் வல்லுநர் ஜாக்கோமோ தாக்கிசும் இதை ஏற்கவில்லை. தின்யானெல்லோ தோட்டத்தின் 1970ஆம் ஆண்டு அறுவடை கியான்டி கிளாசிக்கோ ரிசர்வா (கூடுதல் காலம் முதிரவைத்த வகை) என்ற பெயரிலேயே வெளிவந்தது. 1971 அறுவடையிலிருந்து அந்தப் பெயரைத் துறந்து, சட்டத்தின் கடைசிப் படியான "மேசை வைன்" என்ற வகையில் அதை விற்றார்கள். வழக்கமான பெரும் பீப்பாய்களுக்குப் பதிலாகச் சிறிய ஓக் பீப்பாய்களில் சான்ஜோவேசேயை முதிரவைத்தார்கள். 1975இல் வெள்ளைத் திராட்சை அறவே நீங்கியது. ஐ.ஜி.டி. என்ற வகை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிறந்தது; அதற்குள் இந்த வைன் உலகெங்கும் பெயர் பெற்றுவிட்டது.

பிறகு விதிகளே மாறின. 1996 முதல் முழுக்கச் சான்ஜோவேசேயாலேயே கியான்டி கிளாசிக்கோ செய்யலாம். 2006 முதல் அதில் வெள்ளைத் திராட்சைக்கே தடை. இன்று தின்யானெல்லோவின் கலவை கியான்டி கிளாசிக்கோ விதிகளுக்குப் பொருந்துகிறது. இருந்தும் பழைய பெயருக்கு அவர்கள் திரும்பவில்லை. தோட்டத்தின் பெயரே போதுமான சான்று என்பது எங்கள் கருத்தும்கூட.

1982 முதல் கலவை ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது: சான்ஜோவேசே 80 விழுக்காடு, கேபர்னே சோவின்யோன் 15, கேபர்னே ஃப்ராங் 5. புளிப்பும் செர்ரிப் பழ மணமும் முதல் வகையால் வருகின்றன. நிறத்தின் ஆழத்தையும் துவர்ப்பின் திடத்தையும் மற்ற இரண்டும் கூட்டுகின்றன. திராட்சை சரியாக விளையாத 1972, 1973, 1974, 1976, 1984, 1992, 2002 ஆகிய ஆண்டுகளில் இந்த வைனை அவர்கள் தயாரிக்கவேயில்லை. விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் சுட்டுவது இந்த ஆண்டுகளைத்தான்.

வாங்கியவுடன் திறந்துவிட வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். அறுவடை ஆண்டிலிருந்து எட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்தால் துவர்ப்பு நன்றாகத் தணிந்திருக்கும். அதுவரை புட்டியைப் படுக்கவைத்து, வெளிச்சம் படாத, 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இடத்தில் வையுங்கள். சமையலறை அலமாரி இதற்கு ஏற்றதன்று. இளம் புட்டியைத் திறக்க நேர்ந்தால், பரிமாறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடுங்கள். முதிர்ந்த புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். டஸ்கனியில் இதைத் தணலில் சுட்ட மாட்டிறைச்சியோடும் முதிர்ந்த ஆட்டுப்பால் சீஸோடும் பரிமாறுவார்கள். நம் வீட்டு ஆட்டுக்கறி வறுவலோடும் சேரும். ஆனால் மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள், காரம் ஏறினால் வைனின் துவர்ப்பும் மதுவின் எரிச்சலும் நாக்கில் கடுமையாகத் தெரியும்.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள புட்டியை இப்போது திறக்கலாமா, இன்னும் வைக்கலாமா என்று அறிய விரும்பினால், அதில் அச்சிட்டுள்ள அறுவடை ஆண்டைக் குறித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கடை உரிமையாளரும் பணியாளர்களும்